அத்தியாயம் 5: இல்லம் களைத்துப் போகாத தீபாவளி

ஐப்பசி மாதத்துத் தேய்பிறைச் சதுர்த்தசியன்று, பொழுது புலர்வதற்கு முன்னால், கூடத்தில் ஒரு மணையைப் போட்டு, அதன்மேல் குழந்தைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து, காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சியில் வைத்துத் தேய்த்து, சீயக்காயும் வெந்நீரும் எடுத்துக் கொடுத்து, ஓரத்தில் மஞ்சள் தடவிய புத்தாடையை ஒவ்வொருவர் கையிலும் தந்து, லேகியத்தை உருட்டி வாயில் போட்டு, பலகாரத் தட்டையும் நீட்டி முடித்த பிறகு, அந்த வீட்டுத் தலைவி தான் குளிக்கப் போகிற வேளையில் மணி என்னவாகியிருக்கிறது என்பதை நீங்கள் கவனித்ததுண்டா? பெரும்பாலான வீடுகளில் அதற்குள் நன்றாக விடிந்திருக்கும், வெந்நீர் தீர்ந்திருக்கும், எல்லார் தலைக்கும் எண்ணெய் வைத்தவளுடைய தலைக்கு எண்ணெய் வைக்க அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

இந்த அத்தியாயம் அந்தக் கடைசி ஸ்நானத்தை முன்னுக்குக் கொண்டுவருவதற்காக எழுதப்படுகிறது. பண்டிகையைச் சுருக்கச் சொல்வது என் நோக்கமன்று. வீட்டார் அனைவரும், முக்கியமாக அதிகம் உழைக்கிறவர், களைப்பும் மனஸ்தாபமும் இல்லாமல் அந்த நாளை அநுபவிக்க வேண்டுமானால் எந்தக் காரியத்தை எப்போது செய்வது, எதை விட்டுவிடுவது, யாரிடம் எதை எப்படிச் சொல்வது என்பதையே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். நீங்கள் பொங்கலுக்கோ, கிறிஸ்துமஸுக்கோ, ரம்ஜானுக்கோ தயார் செய்கிறவராயினும், சமையற் பகுதியை மாற்றிக்கொண்டு இதே வரிசையைக் கடைப்பிடிக்கலாம்.

இந்தக் களைப்பின் காரணத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கிறவர்கள் மனத்தில் வைத்திருக்கிற தீபாவளி, பாட்டியும் பெரியம்மாவும் சித்தியும் அத்தையுமாகப் பத்துக் கைகள் சேர்ந்து பதினைந்து நாட்களில் உண்டாக்கிய தீபாவளி. அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, அலுவலகத்திலிருந்து மாலை ஏழு மணிக்குத் திரும்புகிற இரண்டு கைகள் நான்கு நாட்களில் அதே அளவு செய்து முடிக்க வேண்டுமென்று எண்ணும்போதுதான், எதிலும் குறை இருக்கலாகாது என்கிற பிடிவாதமும், அதற்குப் பின்னாலேயே அழுகையும் கோபமும் வந்து சேருகின்றன.

தீபாவளி எது, அதைச் சுற்றியது எது

வேலையைத் தொடங்குவதற்கு முன் இந்தப் பிரிவினையை மனத்தில் செய்துகொள்ளுங்கள். விடியற்கால எண்ணெய் ஸ்நானம், புதிய ஆடை, ஒரு விளக்கு, லேகியம், ஓர் இனிப்பு, பெரியவர்களை நமஸ்கரித்தல், அக்கம்பக்கத்தாருக்கு ஒரு தட்டு: இவ்வளவுதான் நம்மில் பெரும்பாலோருக்குத் தீபாவளியின் உடல். கேதார கௌரி விரதம் உள்ள குடும்பமாயின், அமாவாசையன்று நோன்புக்குரிய அதிரசமும் நோன்புக் கயிறும் அதோடு சேர்கின்றன. மற்றவையெல்லாம், ஐந்தாவது காரமும், புதிய திரைச்சீலையும், பரண்மேல் இருக்கிற பித்தளைப் பாத்திரங்களைத் துலக்குவதும், ஆடை. சௌகரியப்பட்டால் உடுத்தலாம், இல்லையேல் விடலாம்.

ஒரு தாளும் ஒரு மாலைப்பொழுதும்

பண்டிகைக்கு ஏறக்குறைய இருபத்தைந்து நாட்களுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எல்லாரும் வயிறாரச் சாப்பிட்ட பின்பு உட்காருங்கள். பசியோடிருக்கிறவர்களிடம் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். மாமியார், மாமனார், பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் ஆகிய எல்லாரும் இருக்க வேண்டும்.

1. தாளின் தலைப்பில் முதலில் பணத்தை எழுதுங்கள்: ஜவுளி, பலகாரம், பட்டாசு, பிரயாணம், கொடுக்க வேண்டிய இனாம் எல்லாம் அடங்கிய மொத்தத் தொகை ஒன்று. போனஸ் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் எழுதாதீர்கள். கையில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்.

2. ஒவ்வொருவரும் "இது இல்லாவிட்டால் எனக்குத் தீபாவளி இல்லை" என்று ஒன்றே ஒன்றைச் சொல்லட்டும். பதில்கள் உங்களை வியக்கச் செய்யும். பெண்மணி பத்து நாள் கவலைப்படுகிற மிக்ஸரைப் பெரும்பாலும் எவரும் சொல்வதில்லை. ஒரு குழந்தை சாட்டையைச் சொல்லும், மாமனார் பொழுது விடிகையில் வானொலியில் நாகசுரம் கேட்க வேண்டுமென்பார். சொன்னவற்றையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், அவை நீக்க முடியாதவை.

3. மற்ற வேலைகளை அதன்கீழ் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் எழுதுங்கள். "யாராவது", "எல்லாரும்" என்ற சொற்கள் இந்தத் தாளில் வரலாகாது. அவ்விரண்டுக்கும் பெரும்பாலான இல்லங்களில் அம்மா என்றே பொருள்.

4. பெயர் ஏற்க ஒருவரும் முன்வராத வேலையைக் கடையில் வாங்குவதென்று முடிவு செய்யுங்கள். வாங்க முடியாததாயின் அடித்துவிடுங்கள்.

5. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தேதி குறியுங்கள்.

6. கடைசி வரியாக, கொட்டை எழுத்தில், "முந்தின நாள் இரவு 9 மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவோம்" என்று எழுதி, தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள்.

*ஒரு குறிப்பு.* பல ஆண்டுகளாகப் பலகாரத்துக்குத் தாமே அதிகாரியாக இருந்த மாமியாரிடம், "இந்த வருஷம் கடையில் வாங்கிக்கொள்ளலாம்" என்று சொல்வது, அவருடைய ஸ்தானத்தையே பறித்துக்கொள்வதைப் போல அவருக்குத் தோன்றும். அவர் மனம் நோவது இயல்பு. "அத்தை, அதிரசம் உங்க கைப்பக்குவம் எனக்கு வரலை. இந்த வருஷம் பாகுப் பதம் நீங்க பாருங்க, இடிக்கிறதும் சுடுறதும் நாங்க. லட்டு மட்டும் வாங்கிக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களிடமிருந்து உழைப்பை வாங்கிக்கொண்டு அதிகாரத்தை அவர்களிடமே விட்டுவைப்பதுதான் இதில் உள்ள நுட்பம். நான் கண்டவரையில் இந்தக் கேள்விக்கு மறுப்புச் சொன்ன மாமியார் மிகவும் குறைவு.

அடிக்கடி நேர்கிற தவறு வேறொன்று உண்டு. வேலையை ஒருவர் பெயரில் எழுதிவிட்டு, அவர் செய்து முடித்த பின் அதையே மறுபடியும் தாம் செய்வது. கணவர் துடைத்த ஜன்னலை மனைவி மீண்டும் துடைத்தாராயின், அடுத்த ஆண்டு அவர் ஜன்னல் பக்கம் வரமாட்டார். மகள் போட்ட கோலத்தில் ஒரு புள்ளி விலகியிருந்தால் விலகியே இருக்கட்டும்.

பலகாரம்: இரண்டு போதும்

இப்போது ஒரு வருஷத்துச் சம்பவத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு முப்பத்திரண்டு வயதிருக்கும்போது, புதிதாகக் குடிவந்த தெருவில் நல்ல பெயர் எடுக்க வேண்டுமென்ற ஆசையில், ஏழு தினுசுப் பலகாரங்களைச் செய்வதென்று சங்கற்பம் செய்துகொண்டேன். ஆறு முடிந்தன. ஏழாவதாகிய தேன்குழலுக்கு மாவு பிசைந்து எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றும்போது இரவு ஒரு மணி. தூக்கக் கலக்கத்தில், கழுவி ஈரத்தோடு வைத்திருந்த சாரணியை அப்படியே எண்ணெயில் விட்டேன். எண்ணெய் சீறித் தெறித்து வலது முன்கையில் ஒரு சாண் நீளத்துக்குப் பட்டது. மறுநாள் விடியற்காலையில் அந்தக் கையால் குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்க்க முடியவில்லை. அவர்கள் தந்தை தேய்த்துவிட்டார். எட்டு வயது மகள் குளித்துப் பாவாடை கட்டிக்கொண்டு வந்து, என் முன்னால் நின்று, "அப்ப உனக்கு யாரும்மா எண்ணெ வைப்பா?" என்று கேட்டாள். கை சுட்ட அந்த வருஷத்துக்கு முந்தின வருஷங்களிலும் எனக்கு யாரும் வைத்ததில்லை என்பது, அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவளே கிண்ணத்திலிருந்து விரலால் தொட்டு, என் உச்சியில் மூன்று பொட்டு வைத்தாள். அந்த ஏழு தினுசுகளில் நான்கின் பெயர் இன்று எனக்கு நினைவில்லை.

ஆகையால் என் அபிப்பிராயம் உறுதியானது: வீட்டில் ஓர் இனிப்பு, ஒரு காரம். எஞ்சியதை வாங்குங்கள், அல்லது ஓரகத்தி, நாத்தனார் வீடுகளோடு பேசி, வீட்டுக்கு இரண்டாகச் சற்று அதிகமாகச் செய்து பங்கிட்டுக்கொள்ளுங்கள். மூன்று வீடுகள் சேர்ந்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஆறு தினுசு இருக்கும். யாரும் இரண்டுக்குமேல் செய்திருக்க மாட்டார்கள்.

*அதிரசம் (ஐந்து நாட்களுக்கு முன் தொடங்குக)*

1. ஒரு கிலோ மாவுப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் துணிமேல் பரப்புங்கள். கையில் அள்ளினால் சில அரிசி உள்ளங்கையில் ஒட்ட வேண்டும். அந்த ஈரத்திலேயே அரைத்துச் சலியுங்கள். ஐப்பசியில் அடைமழை என்பதால் மொட்டைமாடியை நம்ப வேண்டாம். மின்விசிறியின் கீழ் பரப்பினால் போதும்.

2. முக்கால் கிலோ வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சுங்கள். ஒரு சொட்டை நீரில் விட்டால் கரையாமல், விரலால் திரட்டும்போது மெத்தென்ற உருண்டையாக வர வேண்டும். அந்த க்ஷணத்தில் அடுப்பை அணையுங்கள். இங்கே தொலைபேசி அழைத்தால் எடுக்காதீர்கள்.

3. ஏலப்பொடியைப் போட்டு, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறி, மேலே நெய் தடவி, மூடி, இரண்டு நாட்கள் வையுங்கள்.

4. தட்டி, மிதமான சூட்டில் பொரித்து, இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு இடையில் வைத்து எண்ணெயை அழுத்தி எடுங்கள்.

எண்ணெயில் போட்டதும் கரைந்து பிரிந்தால் பாகு இளகல்; சிறிது அரிசி மாவு சேர்த்துப் பிசைந்து, ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். கல்லாக இறுகினால் பாகு முறுகல். வெதுவெதுப்பான பாலைக் கை நனையத் தெளித்துப் பிசையுங்கள். இரண்டுக்கும் மசியவில்லையென்றால் அந்த மாவை மூடி வைத்துவிட்டு எழுந்து செல்லுங்கள். பல ஆண்டு அநுபவமுள்ள கைகளுக்கும் அதிரசம் சில வருஷங்களில் வராது. அதற்காக ஒருவரும் கண் கலங்க வேண்டியதில்லை.

*தேன்குழல் (மூன்று நாட்களுக்கு முன்)*

நான்கு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு, வறுத்தரைத்த உளுந்து மாவு. சீரகம், உப்பு, வெண்ணெய். வெண்ணெய் மிகுந்தால் எண்ணெயில் உதிரும், குறைந்தால் பல்லை உடைக்கும். மாவு முழுவதையும் ஒரே தடவையில் பிசைந்து வைப்பதுதான் நான் அதிகம் காண்கிற பிழை. நேரமாக ஆகப் பிசைந்த மாவு சிவந்துபோய் எண்ணெயும் குடிக்கும். ஆகையால் இரண்டு மூன்று ஈடுகளுக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது பிசையுங்கள். ஒரு துளி மாவைப் போட்டதும் சிவக்காமல் மேலே வந்தால் எண்ணெய் பக்குவம். வெந்ததைக் கண்ணைவிடக் காது நன்றாகச் சொல்லும்: சட்டியின் சலசலப்பு அடங்கும்போது எடுத்துவிடலாம்.

*அடுப்படியில் ஜாக்கிரதை*

சட்டியில் பாதிக்குமேல் எண்ணெய் வேண்டாம். சாரணி, அச்சு, கை எல்லாம் உலர்ந்திருக்கட்டும். நைலான் புடைவையும் தொங்கும் துப்பட்டாவும் அடுப்படிக்கு உதவா. பழைய நூற்புடைவையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். எண்ணெய் புகைந்து தீப்பிடித்தால் நீரை ஊற்றவே கூடாது. சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. அடுப்பை அணைத்து, பெரிய மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காதிருங்கள்; அந்த மூடியைத் தொடங்கும்போதே பக்கத்தில் எடுத்து வையுங்கள். இரவு ஒன்பதுக்குமேல் பொரிக்காதீர்கள். என் முன்கைத் தழும்பு இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இங்கே சாட்சி சொல்கிறது.

ஜவுளி, சீட்டு, பிரயாணம்

ரவிக்கை தைக்கிறவர்கள் பண்டிகை நெருங்கும்போது புதிய துணி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். ஒரு மாதம் முன்னதாகக் கொடுங்கள். ஊருக்குப் போகிறவர்கள் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது என்பதை நினைவில் வைத்து, தாள் எழுதும்வரை காத்திராமல், அந்த நாளை நாட்காட்டியில் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். இரு வீட்டாரும் அழைத்தால், ஒரு வருஷம் இங்கே, மறு வருஷம் அங்கே என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் சொல்கிற மறுப்புத்தான் புண்படுத்தும். தீபாவளிச் சீட்டுக் கட்டுகிறவர்கள், அது 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றதா என்று கேட்டறிந்த பின்பே பணம் கொடுங்கள்.

தலை தீபாவளி

பெண்ணுக்குக் கல்யாணமாகி வருகிற முதல் தீபாவளிக்கு மாப்பிள்ளையையும் பெண்ணையும் அழைத்து விருந்து வைத்துச் சீர் செய்கிற சம்பிரதாயம் அன்பினால் பிறந்தது. ஆனால் மோதிரம் எத்தனை பவுன், மாப்பிள்ளைக்கு வேஷ்டியா பட்டா, சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் எத்தனை தூக்கு என்கிற கணக்கு நுழைந்த அளவில், பெண்ணைப் பெற்றவர்கள் கடன் வாங்கிச் சிரித்துக்கொண்டிருக்கிற நிர்ப்பந்தமாக அது மாறிவிடுகிறது. இதைப் பற்றி நான் மனப்பூர்வமாகச் சொல்ல விரும்புவது: கடன் வாங்கிச் சீர் செய்யாதீர்கள். நீங்கள் மாப்பிள்ளையாக இருந்து இதைப் படிக்கிறீர்களாயின், பேச வேண்டியவர் நீங்கள்தான்.

1. ஒரு மாதத்துக்கு முன்பே மாப்பிள்ளை மாமனாருக்குத் தாமே தொலைபேசியில், "மாமா, எங்களுக்கு வேண்டியது உங்க வீட்டுல குளிச்சுச் சாப்பிடறதுதான். வேற எதுக்கும் அலையாதீங்க" என்று சொல்லட்டும்.

2. தம் பெற்றோரிடமும் அவரே அதைச் சொல்லட்டும். மருமகள் சொன்னால் அது புகாராகக் கேட்கும். மகன் சொன்னால் முடிவாகக் கேட்கும்.

3. பெண்ணைப் பெற்றவர்கள், செய்ய முடிந்ததைச் சம்பந்தியிடம் நேரில் ஒரே தடவை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "பார்ப்போம்" என்ற சொல் எதிர்பார்ப்பை வளர்க்கும்.

4. வந்த பிறகு குறை பேசுகிறவர் ஒருவர் எங்கேயும் இருப்பார். அவருக்கு விளக்கம் சொல்ல வேண்டாம். "காப்பி இன்னொரு வாய் எடுத்துக்கோங்க" என்று டம்ளரை நீட்டுங்கள்.

துக்கமுள்ள வீடு

அந்த வருஷத்தில் ஒருவரை இழந்த வீட்டில் பண்டிகை இல்லை என்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தில் கருணை இருக்கிறது. சிரிக்க முடியாதவர்களைச் சிரிக்கச் சொல்லாத வழக்கம் அது. ஆனால் அந்த வீட்டுக் குழந்தைகள் தெருவைப் பார்த்துக்கொண்டு ஜன்னலில் நிற்பார்கள். உங்கள் அண்டையில் அப்படியொரு வீடு இருந்தால், காலையில் பலகாரத்தோடு நீங்களே போங்கள். பத்து நிமிஷம் உட்காருங்கள். போனவரைப் பற்றிப் பேச அவர்கள் விரும்பினால் பேச விடுங்கள். குழந்தைகளை மாலையில் உங்கள் வாசலுக்கு அழைத்துவர உத்தரவு கேளுங்கள்.

முந்தின இரவும் விடியற்காலையும்

இந்த வரிசையை மாற்றாமல் கடைப்பிடித்துப் பாருங்கள்.

1. மாலை 6 மணி: புத்தாடைகளில் விலைச்சீட்டைக் கத்தரித்து, ஓரத்தில் மஞ்சள் தடவி, ஆளுக்கொரு குவியலாகப் பூஜை இடத்தில் வையுங்கள். இது குழந்தைகளின் வேலை.

2. இரவு 7: சாப்பாடு எளிதாக இருக்கட்டும். இட்லியும் பொடியும் போதும்.

3. இரவு 8: லேகியத்தை எடுத்து வையுங்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய் சேர்ந்தது அது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு நெல்லிக்காயளவு வேண்டாம், சுண்டைக்காயளவு போதும். நல்லெண்ணெய்க் கிண்ணம், சீயக்காய், துண்டுகள் எல்லாம் குளியலறை வாசலில் இருக்கட்டும்.

4. இரவு 9: அடுப்பை அணையுங்கள். முடியாத வேலை முடியாமலே இருக்கட்டும். துலக்காத பாத்திரத்தைத் தொட்டியில் போட்டு நீரை ஊற்றிவிட்டுப் படுங்கள்.

5. காலை 4.30: முதலில் எழுகிறவர், அவர் வீட்டுத் தலைவி அல்லாத வேறொருவராக இருக்கட்டும், வெந்நீருக்கு ஏற்பாடு செய்து, எண்ணெயில் இரண்டு மிளகும் ஒரு வெற்றிலையும் போட்டுக் காய்ச்சி இறக்க வேண்டும். மின்கம்பியை வாளியில் போட்டு நீர் காய்ச்சுகிறவர்கள், இணைப்பைப் பிடுங்கிய பின்பே நீரைத் தொடலாம். குழந்தைகள் அந்தப் பக்கம் வரலாகாது.

6. காலை 4.45: மணையில் முதலில் உட்காருகிறவர், அந்த வீட்டில் அதிகம் உழைத்தவர். மாமியார் இருந்தால் மருமகளுக்கு அவரே எண்ணெய் வைக்கட்டும். கணவரோ மகனோ மகளோ வைக்கலாம். உச்சியில் மூன்று தடவை தொட்டு நிறுத்திவிடாமல், ஐந்து நிமிஷமாவது சூடு பறக்கத் தேய்த்துவிடுங்கள். அவர் குளித்துவந்த பிறகு மற்றவர்கள் அவர் கையாலேயே எண்ணெய் வைத்துக்கொள்ளட்டும்.

7. எண்ணெய் சிந்திய குளியலறைத் தரை முதியவர்களுக்கு ஆபத்து. பழைய சாக்கு ஒன்றை விரியுங்கள். ஒவ்வொருவர் குளித்த பின்னும் சிறிது சீயக்காயைத் தூவிக் கழுவிவிடுங்கள். காய்ச்சலோ இருமலோ உள்ளவர்கள் உச்சியில் எண்ணெயைத் தொட்டு வைத்துக்கொண்டால் போதும்.

ஆறாவது படியைத்தான் வாசகர்கள் தயங்கித் தயங்கித் தவிர்க்கிறார்கள். "பெரியவர்கள் முதலில்" என்பது எங்கள் வழக்கமாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வீட்டில் பெரியவர்களுக்கு அடுத்தபடியாக, குழந்தைகளுக்கு முன்னால், அவரை உட்கார வையுங்கள்; கடைசியில் மட்டும் விடாதீர்கள். முதல் தடவை அவர் கூச்சப்பட்டு, "எனக்கென்ன, நீங்க முடிச்சுக்கோங்க" என்றுதான் சொல்வார். அதைக் கேட்டுக்கொள்ளாமல் மணையைக் காட்டுங்கள்.

பட்டாசு

பட்டாசு வெடிக்க ஒரு நாளில் இரண்டு மணி நேரமே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்ததைத் தொடர்ந்து, தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7 வரையிலும் இரவு 7 முதல் 8 வரையிலும் என அமைந்திருக்கிறது. தெருவில் முதல் வெடி நம்முடையதாக இருக்க வேண்டுமென்று மூன்று மணிக்கே குழந்தைகளை எழுப்பி அழவைக்க இனி ஒரு காரணமும் இல்லை.

1. ஒரு வாளி நீர், ஒரு வாளி மணல், காலில் செருப்பு, உடம்பில் பருத்தி உடை. புதிய ஆடை பாலியஸ்டராயின் அதைக் கழற்றிவிட்டே வாசலுக்குப் போகட்டும். அது தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

2. பெரியவர் ஒருவர் முழு நேரமும் நிற்க வேண்டும். அந்தப் பெயரும் தாளில் இருக்கட்டும்.

3. எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பியை உடனே நீரில் போடுங்கள். குழந்தைகளின் காலைச் சுடுவது பெரும்பாலும் வெடியன்று; தரையில் கிடக்கிற அந்தக் கம்பிதான்.

4. வெடிக்காமல் புகைவதைக் குனிந்து பார்க்காதீர்கள், மறுபடி பற்றவைக்காதீர்கள். சிறிது நேரம் பொறுத்து, எட்ட நின்று நீரை ஊற்றுங்கள்.

5. தீக்காயம் பட்டால் வளையல், மோதிரம் முதலியவற்றை வீங்குவதற்கு முன் கழற்றி, குழாய் நீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். மை, பற்பசை, மாவு, வெண்ணெய், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். சுத்தமான உலர்ந்த துணியால் தளர மூடி மருத்துவரிடம் போங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல், அழுத்தாமல் மூடி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரிய காயமாயின் 108-ஐ அழையுங்கள்.

பயந்த சுபாவமுள்ள குழந்தையை, "ஆம்பளப் பையன் இதுக்குப் பயப்படலாமா" என்று இழுத்து நிறுத்துவது கொடுமை. அவனுக்கு விளக்கேற்றும் வேலையைக் கொடுங்கள்.

மறுநாள்

பண்டிகை முடிந்த மறுநாள் மாலை, மீந்த பலகாரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு, பதினைந்து நிமிஷம் மறுபடியும் எல்லாரும் உட்காருங்கள். கதவில் ஒட்டியிருந்த தாளை எடுத்து, எது ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லையோ அதன்மேல் ஒரு கோடு கிழியுங்கள். எது சுகமாக இருந்ததோ அதற்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள். எவ்வளவு மாவு மீந்தது, தையற்காரர் என்றைக்குத் துணியைக் கொடுத்தார், காலையில் யார் யாருக்கு எண்ணெய் வைத்தார் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். பிறகு அந்தத் தாளை நான்காக மடித்து, முறுக்கு அச்சைக் கழுவி உலர்த்தி வைக்கிற டப்பாவுக்குள் போட்டு மூடுங்கள். அடுத்த ஐப்பசியில் முதலில் திறக்கப் போகிற டப்பா அதுதான்.